இக்வானாவுக்குப் பூச்சி எதற்கு? செல்லப் பல்லி வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உள்ளங்கை அளவில் பச்சைப் பசேலென்று இருக்கும் இக்வானாக் குட்டியைப் பார்த்த கையோடு வாங்கிவிடுவார்கள். அது வாலோடு சேர்த்து 5 அடிக்கு மேல் வளரும், ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 10, 15 வருஷம் இருக்கும், கண்ணாடித் தொட்டியெல்லாம் சீக்கிரமே பத்தாமல் போகும். முதல்முறை வளர்ப்பவருக்கு லெப்பர்ட் கெக்கோ என்ற சிறு பல்லி தோதானது, ஓர் அடிக்குள் நின்றுவிடும். ஆனால் அதற்கு உயிருள்ள பூச்சிதான் சாப்பாடு. டப்பா நிறைய சுவர்க்கோழிகளை வீட்டில் வைக்க அம்மா சம்மதிப்பாரா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், எது அழகு என்பதைவிட எதற்கு உங்களால் தொடர்ந்து தீனி போட முடியும் என்று பார்ப்பதுதான் முக்கியம்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். உடும்பு, பச்சோந்தி இரண்டும் 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை, வீட்டில் வைத்திருப்பதே குற்றம். வெளிநாட்டு இக்வானா, அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் இருப்பதால், 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கடைக்காரர் "அதெல்லாம் வேண்டாம் சார்" என்பார், நம்பாதீர்கள்.

சரி, தீனிக்கு வருவோம். பல்லி என்றாலே பூச்சி தின்னும் என்ற நினைப்பில் இக்வானாவுக்குப் புழுவும் முட்டையும், சிலர் நாய் பிஸ்கட்டும்கூடப் போடுகிறார்கள். இக்வானா சுத்த சைவம். புரதம் அதிகமானால் சிறுநீரகம் போய்விடும். அதற்காக லெட்யூஸை மட்டும் போட்டாலும் வயிறு நிறையுமே தவிர சத்து சேராது, பாலக்கை தினமும் கொடுத்தால் அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தை உடம்பில் சேரவிடாது. முருங்கைக்கீரை, மல்பெரி இலை, செம்பருத்தி இலையும் பூவும், கொஞ்சம் பூசணி என மாற்றி மாற்றிக் கொடுங்கள். அவகாடோ வேண்டவே வேண்டாம்.

பூச்சி தின்னும் இனங்களில் நடக்கும் தவறு வேறு மாதிரி. சுவர்க்கோழியிலும் மீல்வார்ம் புழுவிலும் பாஸ்பரஸ்தான் அதிகம், கால்சியம் குறைவு. அப்படியே போட்டுக்கொண்டிருந்தால் தாடை மெத்தென்றாகி, கால் எலும்பு வளைந்து, கடைசியில் பல்லி நடக்கவே தடுமாறும். பூச்சிகளுக்கு முதல் நாளே கேரட், கீரை கொடுத்துக் கொழுக்க வைத்து, கால்சியம் பொடியில் புரட்டிப் போடுங்கள். பல்லியின் இரண்டு கண்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியைவிடப் பெரிய பூச்சி வேண்டாம். தோட்டத்தில் பிடித்தவற்றில் பூச்சிமருந்து இருக்கலாம், அதிலும் மின்மினி, பியர்டட் டிராகன் என்ற செல்லப் பல்லியைக் கொன்றே விடும், ஒன்றிரண்டு தின்றாலே உயிர் போய்விடும். அப்புறம், தின்னாமல் விட்ட சுவர்க்கோழிகளை இரவுக்குள் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் தூங்கும் பல்லியை அவை கடிக்கும்.

இவ்வளவும் செய்துவிட்டு விளக்கில் கோட்டை விடுபவர்கள் நிறைய. வெயிலில் இருக்கும் யுவிபி என்ற புற ஊதா ஒளி இல்லாமல் இக்வானாவும் பியர்டட் டிராகனும் வைட்டமின் டி உண்டாக்க முடியாது, கால்சியம் கொடுத்தும் ஒட்டாது. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் கணக்கில் வராது, கண்ணாடி அந்த ஒளியைத் தடுத்துவிடும். யுவிபி விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் அதன் வீரியம் குறைந்துகொண்டே போகும், பெட்டியில் போட்டிருக்கும் காலம் முடிந்ததும் மாற்றிவிடுங்கள்.