சிலுவைக் காட்சி ஓவியத்தை வாசிப்பது எப்படி?

சிலுவையில் அறையப்பட்ட இயேசுவின் ஓவியத்துக்கு முன் வந்து நிற்பவர்கள், அறிந்த காட்சிதானே என்று விரைவில் கடந்துவிடுகிறார்கள். ஆனால் நான்கு நற்செய்திகளும் அந்த மரணத்தை ஒரே விதமாகச் சொல்லவில்லை. மாற்குவின் இயேசு "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று கதறுகிறார். லூக்காவின் இயேசு தம்மைக் கொல்பவர்களுக்காக மன்னிப்பு வேண்டுகிறார். யோவானின் இயேசு "எல்லாம் நிறைவேறிற்று" என்று சொல்லித் தலை சாய்க்கிறார். ஓவியர் இவற்றிலிருந்து எதைத் தேர்ந்தார், எதை விட்டார் என்று கண்டறிவதே முதல் வேலை. சின்னங்களின் பொருளைத் தேடுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் இயேசுவின் கண்களைப் பாருங்கள். அவை திறந்திருக்கின்றனவா, மூடியிருக்கின்றனவா என்ற ஒரே கேள்வி ஓவியத்தின் காலத்தையும் கருத்தையும் பெருமளவு காட்டிவிடும். கிறிஸ்தவர்கள் முதல் சில நூற்றாண்டுகளில் இந்தக் காட்சியை வரைய மிகவும் தயங்கினார்கள். அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் விதிக்கப்பட்ட இழிவான தண்டனை அது. இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய சிலுவைச் சித்திரங்களில் ஒன்று, ரோம் நகரின் பலத்தீன் குன்றில் யாரோ கழுதைத் தலையுடன் கேலியாகச் சுவரில் கீறியது. 5ஆம் நூற்றாண்டில் ரோமின் சாந்தா சபீனா ஆலயத்துக்கு மரக்கதவு செதுக்கியவர், கைகளை விரித்து நிமிர்ந்து நிற்கும் இயேசுவையே காட்டினார். 586இல் எழுதி முடிக்கப்பட்ட சிரியாக் மொழி ரபுலா நற்செய்தி நூலிலும், அசிசியின் புனித பிரான்சிஸ் முன்னின்று செபித்த சான் தமியானோ சிலுவையிலும் கண்கள் திறந்தே இருக்கின்றன. மரணத்தை வென்றவர் என்பதே அங்குள்ள செய்தி.

ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தில் உள்ள கேரோ சிலுவை அந்த மரபிலிருந்து விலகி நிற்கிறது. 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஓக் மரத்தில் செதுக்கப்பட்ட அந்த உருவத்தில் கண்கள் மூடி, தலை மார்பில் விழுந்து, உடலின் பாரம் முழுவதும் கைகளில் தொங்குகிறது. இத்தாலியில் 13ஆம் நூற்றாண்டில், பிரான்சிஸ்கன் துறவிகளின் பக்தி மரபோடு சேர்ந்து, இந்தத் துன்புறும் உருவமே மேலோங்கியது. இத்தாலிய ஓவியர் சிமபூவே வரைந்த பெரிய சிலுவைகளில் உடல் வில்லாக வளைந்திருப்பதை ஒருமுறை பார்த்துவிட்டால், பிறகு அந்த மாற்றத்தை எங்கும் அடையாளம் காணலாம்.

ஆணிகளையும் எண்ணிப் பாருங்கள். பழைய வடிவங்களில் பாதங்கள் தனித்தனியே அறையப்பட்டு நான்கு ஆணிகள் இருக்கும். 13ஆம் நூற்றாண்டிலிருந்து பாதங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து மூன்று ஆணிகள் காட்டுவது மேற்கில் பரவியது. எனினும் இதை மட்டும் வைத்துக் காலத்தைக் கணிக்க வேண்டாம். 17ஆம் நூற்றாண்டில் ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸ், தம் மாமனாரும் ஆசிரியருமான பச்சேக்கோவின் கருத்தைப் பின்பற்றி நான்கு ஆணிகளையே வரைந்தார்.

அடுத்து, சிலுவையின் கீழ் நிற்பவர்களைப் பாருங்கள். இங்கே வலம், இடம் என்பவை இயேசுவின் பக்கத்திலிருந்து கணக்கிடப்படுகின்றன. அவருடைய வலப்புறம் நமக்கு இடப்புறம். தாய் மரியாவும் மனந்திரும்பிய கள்வனும் வழக்கமாக அந்த வலப்புறத்தில் இடம்பெறுவார்கள். அன்புச் சீடர் யோவான் பெரும்பாலும் எதிர்ப்புறத்தில் நிற்பார். தாயும் அன்புச் சீடரும் சிலுவையருகே நின்றதையும், ஈட்டியால் விலா குத்தப்பட்டதையும் யோவான் நற்செய்தி மட்டுமே சொல்கிறது. கள்வனின் மனமாற்றம் லூக்காவில் மட்டுமே உண்டு. காடியில் தோய்த்த கடற்பஞ்சு மரணத்துக்கு முன்பும், ஈட்டி மரணத்துக்குப் பின்பும் வருபவை. இரண்டும் ஒரே படத்தில் இருந்தால், ஓவியர் பல மணி நேரத்தை ஒரு பலகையில் அடக்கியிருக்கிறார் என்று கொள்ள வேண்டும்.

இனிச் சின்னங்களுக்கு வரலாம். அடியில் கிடக்கும் மண்டையோடு, 'மண்டையோட்டு இடம்' எனப் பொருள்படும் கொல்கொதா என்ற பெயரை நினைவூட்டுவதோடு, ஆதாம் அங்கேதான் புதைக்கப்பட்டான் என்ற பழைய மரபையும் சுட்டுகிறது. அதன்மேல் இரத்தம் வழிந்தால் முதல் மனிதனின் பாவம் கழுவப்படுகிறது என்று பொருள். மேலே உள்ள நான்கு இலத்தீன் எழுத்துகள் "நாசரேத்து இயேசு, யூதர்களின் அரசர்" என்ற குற்றப் பலகையின் சுருக்கம். இருபுறமும் சூரியனும் சந்திரனும் இருப்பது நண்பகல் முதல் மூன்று மணி வரை சூழ்ந்த இருளைக் குறிக்கும். சிலுவையின் உச்சியில் கூடு கட்டியிருக்கும் கூழைக்கடா, தன் மார்பைக் கீறிக் குஞ்சுகளுக்கு இரத்தம் ஊட்டும் பறவையாக இடைக்காலத்தில் நம்பப்பட்டது.

சில இடைக்கால ஓவியங்களில் ஒருபுறம் முடிசூடிய பெண்ணாகத் திருச்சபையும், மறுபுறம் கண் கட்டப்பட்ட பெண்ணாக யூதர்களின் தொழுகைக்கூடமும் நிற்பதைக் காணலாம். இதை அழகான உருவகம் என்று மட்டும் சொல்லிக் கடப்பது நேர்மையாகாது. இயேசுவின் மரணத்துக்கு யூத மக்கள் அனைவர்மீதும் பழி சுமத்திய சிந்தனையோடு பிணைந்த உருவம் அது. அந்தப் பழியைக் கத்தோலிக்கத் திருச்சபை 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் வெளிப்படையாக மறுத்தது. யூத ஓவியரான மார்க் ஷகால் 1938இல் வரைந்த ஓவியத்தில் இயேசு இடுப்பில் யூதர்களின் தொழுகைச் சால்வையைக் கட்டியிருக்கிறார். சுற்றிலும் தொழுகைக்கூடம் எரிய, மக்கள் ஓடுகிறார்கள். இவ்விரண்டு உருவங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது மிகவும் அவசியம் என்று நான் கருதுகிறேன்.

கடைசியாக, ஓவியம் யாருக்காக, எந்த இடத்துக்காகச் செய்யப்பட்டது என்று கேளுங்கள். ஜெர்மானிய ஓவியர் குருனெவால்டு 1512க்கும் 1516க்கும் இடையே வரைந்த ஈசென்ஹைம் பீட ஓவியத்தை, இன்று பிரான்சின் கொல்மார் நகர அருங்காட்சியகத்தில் முதன்முறை பார்ப்பவர்கள் திடுக்கிடுவார்கள். இயேசுவின் தோல் பச்சையேறி, உடலெங்கும் புண்களாகி, விரல்கள் வலியில் விறைத்து நிற்கின்றன. 'புனித அந்தோணியாரின் நெருப்பு' எனப்பட்ட நோயால் துடித்தவர்களைப் பராமரித்த துறவியர் இல்லத்துக்காக அது வரையப்பட்டது என்று தெரிந்த பிறகுதான் அந்தக் கொடூரம் பொருள் பெறுகிறது. ரை தானியத்தில் வளரும் பூஞ்சையால் வந்த அந்நோய் தோலைக் கருக்கி, கைகால்களை அழுகச் செய்தது. நோயாளி தன் புண்களையே அங்கே கண்டார். முன்பே தலை வெட்டப்பட்ட திருமுழுக்கு யோவானும் அதில் நின்று இயேசுவை நோக்கி விரல் நீட்டுகிறார். "அவர் பெருக வேண்டும், நான் சிறுக வேண்டும்" என்ற வசனம் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது. யோவானின் காலடியில் உள்ள செம்மறியின் இரத்தம் கிண்ணத்தில் விழுகிறது. இவை வரலாற்றுக் காட்சியைத் திருப்பலியாக மாற்றுகின்றன.

கவிதையை வாசிக்கும்போதும் இதே முறை உதவும். கண்களுக்குப் பதிலாக, பேசுபவர் யார் என்று முதலில் கேட்க வேண்டும். வியாகுலத் தாயைப் பற்றிய இலத்தீன் பாடல் நம்மை மரியாவின் பக்கத்தில் நிறுத்துகிறது. பழைய ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒரு கனவுக் கவிதையிலோ சிலுவை மரமே பேசுகிறது. வீரனைப்போல் தன்மேல் ஏறிய ஆண்டவரைத் தாங்கியதையும், குனிந்துவிடத் துணியாமல் நின்றதையும், ஆணிகள் தன்னையும் துளைத்ததையும் அது சொல்கிறது. இந்தக் கவிதையின் சில வரிகள் ஸ்காட்லாந்தின் ரத்வெல் கற்சிலுவையில் ரூனிக் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அங்கே வேதனை முழுவதும் மரத்தினுடையது, வெற்றி இயேசுவினுடையது. சான் தமியானோ சிலுவையின் திறந்த கண்களோடு ஒப்பிட்டு வாசிக்க இதைவிடப் பொருத்தமான கவிதையை நான் அறியேன்.