தோசைக்கல்லைப் போடாதீர்கள்: சிறுநீரகத்துக்குக் காத்திருக்கும் குடும்பங்கள் செய்யும் தவறுகள்

அத்தானுக்குச் சிறுநீரகம் வந்திருப்பதாக மருத்துவமனையிலிருந்து போன் வந்தபோது இரவு பதினொன்றரை. அக்கா முதலில் செய்த காரியம், அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டதுதான். "இனி எப்போது சாப்பிடுவாரோ!" மயக்க மருந்துக்கு வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் நினைவில் இல்லை. நல்லவேளை, போனில் இருந்த ஒருங்கிணைப்பாளர் துண்டிக்கும் முன் சொல்லிவிட்டார். அந்த அழைப்புக்குப் பிறகு தண்ணீர்கூட அவர்களைக் கேட்டுவிட்டுத்தான்.

உண்மையில் இந்தத் தோசைப் பாசம் முன்பே தொடங்கிவிடுகிறது. டயாலிசிஸ் முடிந்து சோர்ந்து வருபவரைப் பார்த்துப் பொறுக்காமல் இளநீர் வெட்டிக் கொடுப்பார்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம். அதை வெளியேற்றச் சிறுநீரகம் இல்லாதவருக்கு இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடும். வாழைப்பழமும் அப்படித்தான். உறவினர்கள் வாங்கிவரும் பழப்பையை வாசலிலேயே பெற்றுக்கொண்டு நீங்களே சாப்பிட்டுவிடுங்கள். நான் அப்படித்தான் ஒரு சுற்றுப் பெருத்தேன்.

மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து எடுத்த இதயம் 4 முதல் 6 மணி நேரம்தான் தாங்கும். சிறுநீரகம் ஒரு நாள்வரை தாங்கும் என்றாலும், நேரம் போகப் போக அதன் தரம் குறையும். ஆகவே காத்திருப்போர் பட்டியலில் பதியும்போது நோயாளியின் போன் எண்ணை மட்டும் கொடுப்பது தவறு. வீட்டில் இன்னும் இருவரின் எண்களும் இருக்கட்டும். காய்ச்சல், சளி இருந்தால் வாய்ப்புப் போய்விடுமோ என்று மறைக்கவும் வேண்டாம். அறுவைக்குப் பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து கொடுப்பார்கள். மறைத்த காய்ச்சல் அப்போது உயிருக்கே வினையாகும்.

அழைப்பு வந்தாலே அறுவை நிச்சயம் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிடுவது இன்னொரு தவறு. கொடையாளரின் அணுக்களை நோயாளியின் ரத்தம் ஏற்குமா என்று பார்க்கும் கிராஸ் மேட்ச் சோதனைக்குச் சில மணி நேரம் ஆகும். மாற்று ஏற்பாடாக இன்னொருவரையும் வரவழைத்திருப்பார்கள். அந்த இரவு எங்களை விடியற்காலையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குள் சித்தப்பா ஊரிலிருந்து வேன் பிடித்துப் புறப்பட்டிருந்தார்.

காத்திருப்போர் கூடத்தில் "பட்டியலில் மேலே ஏற்றித் தருகிறேன்" என்று காதோரம் பேசுபவரிடம் ஒரு சொல்லும் பேசாதீர்கள். 1994ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி, 2011 திருத்தத்துக்குப் பின், உறுப்பு வணிகத்துக்கு 5 முதல் 10 ஆண்டு சிறை. பணம் கொடுத்து வாங்குபவருக்கும் அதே தண்டனைதான்.

இரண்டாம் அழைப்பில் அறுவை நடந்தது. மறுநாளும் சிறுநீர் சரியாகப் பிரியவில்லை, மீண்டும் டயாலிசிஸ் என்றார்கள். அக்கா சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். இறந்தவரிடமிருந்து பெற்ற சிறுநீரகம் சில நாட்கள் தூங்கிவிட்டு விழிப்பதுண்டு என்று எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அறுவைக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது காலை ஒன்பது, இரவு ஒன்பது என டாக்ரோலிமஸ் மாத்திரை; எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து என்றேனே, அதுதான். ரத்தத்தில் அதன் அளவு பார்க்கும் நாளில், ரத்தம் கொடுத்த பிறகுதான் காலை மாத்திரையைப் போட வேண்டும். பாசத்தில் அதை வீட்டிலேயே கொடுத்து அனுப்பி, அளவு தவறாகக் காட்டி, ஒரு முறை எல்லோரையும் அலைய வைத்தவன் நான்தான்.