ஏதேன் தோட்டத்தை வைத்துக் கவிதை எழுதுகிறீர்களா? இதையெல்லாம் தவிர்த்துவிடுங்கள்

ஏதேன், பாம்பு, கனி, அத்தியிலை. பாம்பின் பேச்சைக் கேட்டு, தேவன் விலக்கிய கனியைத் தின்று, ஆதாமும் ஏவாளும் தோட்டத்தைவிட்டு வெளியேற்றப்பட்ட கதை. சமீபத்தில் படித்துச் சொல்லும்படி எனக்கு வந்த கவிதைகளில் பாதி இதைப் பற்றியவைதான். எழுதியவர்கள் பெரும்பாலும் இருபதுகளில் இருப்பவர்கள். படிக்கப் படிக்க என் பழைய நோட்டைத் திறந்து வைத்தது போலவே இருக்கிறது, அதே பிழை, அதே இடத்தில். வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் ஆப்பிள் கிடையாது, வெறும் கனிதான் என்பதெல்லாம் வேதாகமத்தை ஒருமுறை புரட்டினாலே தெரிந்துவிடும், அதை விட்டுவிடுகிறேன்.

தோட்டத்துக்குள் நின்றுகொண்டே அதை ஏதேன் என்று சொல்வது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். "நான் கள்ளமற்றிருந்தேன்", "அது என் ஏதேன்" என்று குழந்தையின் குரலிலேயே எழுதிவிடுகிறார்கள். கள்ளம் என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளை, அது தன்னிடம் இல்லை என்று எப்படிச் சொல்லும்?

ஆதியாகமம் 2ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தைப் பாருங்கள். இருவரும் "நிர்வாணிகளாயிருந்தும், வெட்கப்படாதிருந்தார்கள்." வெட்கம் அவர்களுக்குத் தெரிந்த சொல் இல்லை, வெட்கப்பட்டுப் பழகிய கதைசொல்லி வெளியே நின்று சொல்வது. 'இருந்தும்' என்பதில் வரும் அந்த 'உம்' போதும், இழந்தது முழுக்க அதற்குள் இருக்கிறது.

நான் ஒரு காலத்தில் எங்கள் கிணற்றடிக் கொய்யா மரத்தை வைத்து ஒன்பது கவிதைகள் எழுதினேன், ஒரு வருடம் பிடித்தது. முதல் கவிதையிலேயே ஏழு வயதுப் பையன் மரத்தில் உட்கார்ந்து "இது என் ஏதேன்" என்கிறான். ஒரு மூத்த நண்பர் எல்லாவற்றையும் படித்துவிட்டு, "அந்த மரத்தில் முசுறு இருந்ததா?" என்று மட்டும் கேட்டார். இருந்தது. கடித்துக் கை வீங்கி, அம்மா சுண்ணாம்பு தடவிவிட்டு, சுண்ணாம்பு காய்வதற்குள் நான் மறுபடி அதே கிளையில் ஏறியிருக்கிறேன். வலித்த பிறகும் அந்த மரத்தின் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை, எழுத வேண்டியது அதைத்தான். ஆனால் என் ஒன்பது கவிதைகளிலும் ஓர் எறும்புகூட இல்லை. எட்டைக் கிழித்துப் போட்டேன்.

இதை ஆங்கிலக் கவிஞர் வில்லியம் பிளேக் எப்படிச் செய்கிறார் என்று பாருங்கள். 1789-ல் அவர் வெளியிட்ட 'The Chimney Sweeper' என்ற கவிதையில் பேசுபவன் புகைபோக்கிக்குள் ஏறிக் கரி துடைக்கிற சிறுவன். அம்மா இறந்துவிட்டாள், பேச்சு திருந்துவதற்கு முன்பே அப்பா விற்றுவிட்டார். டாம் என்ற இன்னொரு பையனின் சுருட்டை முடியை மழிக்கும்போது அவன் அழுகிறான். இவன் ஆறுதல் சொல்கிறான்: மொட்டையாக இருந்தால் உன் வெள்ளை முடியில் கரி படாதே! அன்றிரவு டாமுக்கு ஒரு கனவு. கறுப்புச் சவப்பெட்டிகளை ஒரு தேவதூதன் திறந்துவிட, பிள்ளைகள் பச்சை வெளியில் ஓடி, ஆற்றில் குளித்து, வெயிலில் மின்னுகிறார்கள். பரதீசு அதுதான், அந்தப் பெயர் மட்டும் அங்கே இல்லை. பிறகு இருட்டிலேயே எழுந்து பையும் தூரிகையுமாக வேலைக்குப் போகிறார்கள். கடமையைச் செய்தால் ஒரு தீங்கும் வராது என்று நம்பிச் சொல்லி முடிக்கிறான் பையன், படிக்கிற நமக்குத்தான் தொண்டை அடைக்கிறது. 1794-ல் அதே தலைப்பில் இன்னொரு கவிதை. இங்கே பையனுக்கு எல்லாம் தெரியும், தன்னை இப்படி விட்டுவிட்டுப் பெற்றோர் ஆலயத்தில் ஜெபித்துக்கொண்டிருப்பது உட்பட. தெரியாதவன் குரல் ஒரு கவிதையில், தெரிந்தவன் குரல் இன்னொன்றில். இரண்டையும் ஒரே வாயில் திணித்தால் இரண்டுமே பொய்யாகிவிடும், உங்கள் கவிதையில் யார் பேசுகிறார்கள் என்பதை முதல் வரிக்கு முன்பே முடிவுசெய்துகொள்ளுங்கள்.

பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வது

அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்டின் 1923ஆம் ஆண்டுக் கவிதை ஒன்று, 'Nothing Gold Can Stay', மொத்தமே எட்டு வரி. ஏதேன் ஒரே ஒருமுறை, ஆறாவது வரியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் இருப்பது தளிரும் இலையும்தான்.

ஏவாள் மேல் மட்டும் பழி

ஏவாள் கனியைப் பறித்துத் தின்றபோது, எபிரேய மூலத்தில் கணவனும் 'அவளோடு' இருந்தான்.

வேலையே இல்லாத தோட்டம்

ஆதாமை அங்கே வைத்ததே தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும்தான். முள்ளும் குருக்கும் முகத்து வேர்வையும் கனியைத் தின்ற பிறகு வந்தவை, வேலை முதலிலிருந்தே இருந்தது.

பாம்பு என்றாலே சாத்தான்

ஆதியாகமம் அப்படிச் சொல்லவில்லை. வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம்தான் அந்தப் பழைய பாம்பைச் சாத்தான் என்கிறது.

வாசலை அடைத்ததும் கவிதையை முடித்துவிடுவது

அவர்களை வெளியேற்றிய பிறகு தேவன் காவலுக்கு வைத்த சுடரொளிப் பட்டயத்தை, அந்த வாளை, கடைசி வரியில் வைத்தால் ஒரு கனம் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் முடித்தேன். ஆனால் அதற்கு மூன்று வசனங்களுக்கு முன்னால் ஒன்று நடக்கிறது, அதை யாரும் தொடுவதில்லை. அத்தியிலையை அவர்களே தைத்துக்கொண்டார்கள், சரி. தோலில் உடை செய்து அவர்களுக்கு உடுத்திவிடுகிறவர், அவர்களை வெளியே அனுப்பப்போகிற அதே தேவன். ஆங்கிலக் கவிஞர் மில்டனும் இதே கதையை வைத்து 1667-ல் வந்த தன் 'Paradise Lost' காவியத்தைப் பட்டயத்தோடு நிறுத்தவில்லை. இருவரும் திரும்பிப் பார்க்கிறார்கள், கொஞ்சம் அழுகிறார்கள், சீக்கிரமே கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். அப்புறம் கைகோத்துக்கொண்டு, எங்கே போவதென்று தெரியாத மெதுவான நடையில் போகிறார்கள்.