லண்டன் வருபவர்களுக்கு: வாடகையும் ரயில் காசும் ஒரே கணக்கு

லண்டனில் வேலை உறுதியானதும் எல்லோரும் முதலில் செய்வது, வீடு தேடும் தளத்தைத் திறந்து எங்கே வாடகை குறைவு என்று பார்ப்பதுதான். நானும் அதைத்தான் செய்தேன். 2023 ஜனவரியில் கோவையிலிருந்து வந்தபோது அலுவலகம் கிழக்கு லண்டனில் கேனரி வார்ஃபில், கல்லூரி நண்பன் இருந்தது லண்டனுக்கு வெளியே, மேற்கே உள்ள ரெடிங்கில். அவன் தெருவிலேயே ஓர் அறை, லண்டனில் பார்த்ததைவிட மாதம் 300 பவுண்ட் குறைவு, போதாததற்கு எலிசபெத் லைன் ரயில் ரெடிங்கிலிருந்து நேராக கேனரி வார்ஃபுக்கே போகிறது, எங்கும் இறங்கி மாற வேண்டாம். வாரம் இரண்டு நாள் அலுவலகம் வந்தால் போதும் என்றுதான் பேச்சு. மூன்று மாதத்தில் அது நான்கு நாளாகிவிட்டது.

அப்புறம் என்ன, ஒரு பக்கத்துக்கு ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ரயிலில் மட்டும். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு நடை தனி. ரெடிங்கிலிருந்து லண்டனுக்கு ஆண்டு சீசன் டிக்கெட் 5,000 பவுண்டைத் தாண்டும், அதாவது மாதத்துக்கு 400க்கு மேல். வாடகையில் மிச்சம் பிடித்த 300 ரயிலுக்கே பற்றவில்லை. இரண்டு நாள் கணக்கில் சரியாக இருந்த வீடு நான்கு நாள் கணக்கில் தப்பாகிவிட்டது, வீடு அதே வீடுதான்.

அதனால் வீடு பார்ப்பதற்கு முன்பே மேலாளரிடம் ஒன்றைக் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள்: வாரம் எத்தனை நாள் அலுவலகம், அது மாற வாய்ப்பு உண்டா? கேட்கக் கூச்சமாக இருக்கும், புது வேலை. பரவாயில்லை, கேளுங்கள். அவர் என்ன சொன்னாலும் அதோடு ஒரு நாளைக் கூட்டிக் கணக்குப் போடுங்கள் என்பது என் அனுபவம்.

கணக்கு எப்படி? ஒரு தாளில் வீட்டுக்கு வீடு எழுதுங்கள்: வாடகை, கவுன்சில் டாக்ஸ் (குடியிருப்பவர் உள்ளாட்சிக்குக் கட்டும் வரி), மின்சாரம், கேஸ், தண்ணீர், பிறகு அலுவலக நாட்களுக்கான ரயில் செலவு. எல்லாம் கூட்டி வருவதுதான் உண்மையான வாடகை. பக்கத்தில் மாதத்துக்கு எத்தனை மணி நேரம் பயணம் என்று தனியாக எழுதுங்கள், அதைப் பவுண்டாக மாற்ற வேண்டாம். ஒரு பக்கம் 80 நிமிடம், வாரம் மூன்று நாள் என்றால் நான்கு வாரத்தில் 32 மணி நேரம். 40 நிமிடம் என்றால் 16. அந்த 16 மணி நேர வித்தியாசத்துக்கு நீங்கள் எவ்வளவு தருவீர்கள் என்பது உங்கள் வீட்டில் குழந்தை இருக்கிறதா, சமைப்பது யார் என்பதைப் பொறுத்தது. அதை நான் சொல்ல முடியாது.

வாடகை எழுதும்போது ஒரு பொறி இருக்கிறது. விளம்பரத்தில் சில இடங்களில் வார வாடகை போடுவார்கள். வாரம் 400 என்றால் மாதம் 1,600 என்று நாம் மனசுக்குள் பெருக்கிவிடுவோம். இல்லை. 400ஐ 52ஆல் பெருக்கி 12ஆல் வகுக்க வேண்டும், 1,733 வரும்.

கவுன்சில் டாக்ஸை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அது பகுதிக்குப் பகுதி மலையும் மடுவும். டூட்டிங் இருப்பது வான்ஸ்வொர்த் கவுன்சிலில், நாட்டிலேயே மிகக் குறைவாக வாங்கும் கவுன்சில்களில் அது ஒன்று. 2024-25இல் அங்கே டி பிரிவு (வீட்டின் மதிப்பை வைத்துப் பிரிப்பார்கள்) வீட்டுக்கு ஆண்டுக்கு 1,000 பவுண்டுக்கும் கீழ். கொஞ்சம் தெற்கே க்ராய்டனில் அதே பிரிவுக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். க்ராய்டனில் வாடகை குறைவு என்று போகிறவர்கள் மாதத்துக்கு 100 பவுண்டுக்கு மேல் இந்த வழியில் திருப்பிக் கொடுக்கிறார்கள். ஒரே ஆள் இருக்கும் வீடு என்றால் 25 சதவீதம் கழிவு உண்டு, நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். பலர் சேர்ந்து இருக்கும் வீட்டில் தனித்தனி அறை வாடகைக்கு எடுத்தால் பெரும்பாலும் வீட்டுக்காரரே அதைக் கட்டுவார். கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இனி ரயில். லண்டன் ஸோன்களாகப் பிரிந்திருக்கிறது, நடுவில் 1, வெளியே போகப் போக எண் கூடும். புதிதாக வருபவர்கள் எத்தனை ஸோன் தாண்டுகிறோம் என்று மட்டும் எண்ணுகிறார்கள். ஆனால் பெரிய வித்தியாசம் ஸோன் 1ஐத் தொடுகிறோமா இல்லையா என்பதில்தான். கேனரி வார்ஃப் இருப்பது ஸோன் 2இல். ஈஸ்ட் ஹாமில் வீடு எடுத்தவர் டிஸ்ட்ரிக்ட் லைனில் மூன்றாவது நிறுத்தமான வெஸ்ட் ஹாமில் இறங்கி, ஜூபிலி லைனில் மாறி, மூன்று நிறுத்தத்தில் கேனரி வார்ஃப் போய்விடுவார், ஸோன் 1 பக்கமே போக மாட்டார். ஸ்டான்மோரில் எடுத்தவரும் அதே ஜூபிலி லைனில் மாறாமலே போகலாம், ஆனால் நடு லண்டனைக் கடந்துதான் போக வேண்டும், கட்டணமும் நேரமும் அதற்குத் தக்கபடி.

தமிழ்க் கடை, கோயில் இருக்கும் இடமாகப் பார்த்துப் போகிறவர்களும் அலுவலகம் எந்த ரயில் பாதையில் இருக்கிறது என்பதை மனதில் வையுங்கள். ஈஸ்ட் ஹாம், மேனர் பார்க் பக்கம் முருகன் கோயில், தோசைக் கடை, கருவேப்பிலை எல்லாம் நடக்கும் தூரத்தில். வெம்ப்ளி, ஆல்பர்ட்டன், ஹாரோ வடமேற்குப் பக்கம். டூட்டிங் தெற்கு. அலுவலகம் பேடிங்டன் பக்கம் என்றால் ஈஸ்ட் ஹாமில் இட்லி மாவுக்காக வீடு எடுப்பது வேண்டாத வேலை. மாவு வாரம் ஒரு முறை வாங்குவது, ரயில் வாரம் எட்டு முறை ஏறுவது. இல்ஃபோர்டும் நம் ஆட்கள் நிறைய இருக்கும் இடம், எலிசபெத் லைன் நிலையமும் உண்டு. ஆனால் அது ஷென்ஃபீல்ட் கிளையில் இருக்கிறது, கேனரி வார்ஃப் ஆபி வுட் கிளையில். ஆகவே எலிசபெத் லைனிலேயே போவதென்றால் வொய்ட்சாப்பல் வரை உள்ளே போய், இறங்கி மாறி, திரும்ப வெளியே வர வேண்டும். வரைபடத்தில் ஒரே ஊதா நிறம் என்று நம்பி வீடு எடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

வங்கி அட்டையையே தட்டிப் போகலாம், ஆய்ஸ்டர் (லண்டன் பயண அட்டை) கட்டாயம் இல்லை. ஒரு நாளுக்கும், திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரு வாரத்துக்கும் உச்சவரம்பு இருக்கிறது, அதற்கு மேல் பிடிக்க மாட்டார்கள். ஆனால் காலையில் போனைத் தட்டிவிட்டு மாலையில் அட்டையைத் தட்டினால், இரண்டும் ஒரே கணக்காக இருந்தாலும், வேறு வேறு ஆளாகத்தான் எண்ணும், உச்சவரம்பு கூடி வராது. வார நாட்களில் காலை 6.30 முதல் 9.30 வரையும் மாலை 4 முதல் 7 வரையும் கட்டணம் அதிகம். பத்து மணிக்கு வந்தால் போதும் என்கிற அலுவலகம் கிடைத்தால் அதுவும் ஒரு சம்பள உயர்வுதான். சில நிலையங்களில் மாறும் இடத்தில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு கருவி நிற்கும். ஸோன் 1 வழியாக வரவில்லை என்று அதற்குச் சொல்லிவிட்டால் குறைந்த கட்டணம் பிடிக்கும், அதைத் தட்டாமல் கடந்து போகிறவர்கள்தான் அதிகம்.

லண்டனுக்கு வெளியே இருந்துதான் வர வேண்டும் என்றால், ஆண்டு சீசன் டிக்கெட்டின் விலை 40 வார டிக்கெட்டின் விலைதான். மொத்தமாகக் கட்டக் காசு இல்லையா, பல நிறுவனங்கள் அதற்கு வட்டியில்லாக் கடன் தருகின்றன, மாதாமாதம் சம்பளத்தில் பிடிப்பார்கள். மனிதவளப் பிரிவில் கேளுங்கள். வாரம் இரண்டு நாள் என்றால் 28 நாளுக்குள் 8 நாள் பயணம் செய்யும் ஃப்ளெக்ஸி சீசன் டிக்கெட் இருக்கிறது, 2021இல் வந்தது. அவசரப்பட்டு ஆண்டு டிக்கெட் மட்டும் எடுக்காதீர்கள், முதல் இரண்டு மாதம் தட்டிப் போய்ப் பாருங்கள்.

கார் பற்றிக் கேட்பவர்களுக்கு: இப்போதைக்கு வேண்டாம். காப்பீடு புதியவர்களுக்கு எக்கச்சக்கம், 2023 ஆகஸ்டிலிருந்து லண்டன் முழுக்க பழைய வண்டிகளுக்கு நாளொன்றுக்கு 12.50 பவுண்ட் புகைக் கட்டணம்.

பள்ளிக்குப் போகும் குழந்தை இருந்தால் மேலே சொன்னது எல்லாம் இரண்டாம்பட்சம். அரசுப் பள்ளியில் இடம் பல ஊர்களில் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே உள்ள தூரத்தைப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். நல்ல பள்ளிக்கு அரை மைல் தள்ளி எடுத்த வீடு, ரயிலுக்கு எவ்வளவு வசதியாக இருந்தாலும், தினமும் காலையில் பஸ் ஏறி இன்னொரு பள்ளிக்கு ஓட வைக்கும்.

வீட்டை முடிக்கும்போது: சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது நல்ல செய்தி. இங்கிலாந்தில் டெபாசிட் ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது (ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குள் என்றால்), வீட்டைப் பிடித்து வைக்கக் கொடுக்கும் தொகை ஒரு வார வாடகைக்கு மேல் கூடாது, ஏஜென்ட் தனக்கென்று நம்மிடம் கமிஷன் கேட்கவும் கூடாது. டெபாசிட்டை 30 நாளுக்குள் பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் கட்டிவிட வேண்டும். முன்பு புதிதாக வருபவர்களிடம் ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கேட்பார்கள், 2026 மே 1 முதல் ஒரு மாதத்துக்கு மேல் முன்பணம் வாங்க முடியாது. அதற்குப் பதிலாக, வாடகைக்கு உத்தரவாதம் தரும் ஆளைக் கேட்கலாம். ஆண்டுச் சம்பளம் மாத வாடகையைப் போல் 30 மடங்கு இருக்கிறதா என்று பார்ப்பார்கள், 1,500 வாடகைக்கு 45,000. இ-விசா ஷேர் கோடு (நம் விசாவை வீட்டுக்காரர் இணையத்தில் சரிபார்ப்பதற்கான எண்), வேலைக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம் கையில் தயாராக இருந்தால் பாதி வேலை முடிந்தது. வீட்டை நேரில் பார்க்காமல், இந்தியாவில் இருந்தபடி ஒரு காசும் அனுப்பாதீர்கள்.

முதல் மாதம் தற்காலிகமாக ஓர் அறையில் இருந்துகொண்டு தேடுங்கள் என்பேன். விளம்பரத்தில் "ஸ்டேஷனுக்கு 8 நிமிடம்" என்று போட்டிருந்த ஒரு வீட்டை நான் நடந்து பார்த்தேன், 18 நிமிடம், அதில் பாதி மேடு. ஏஜென்டிடம் கேட்டேன், "வேகமாக நடந்தால்" என்றார். பிறகு ஆபி வுட்டில் ஒரு வீடு பிடித்திருந்தது. கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழரைக்கு, மடிக்கணினிப் பையோடு அந்த வீட்டு வாசலில் போய் நின்று அங்கிருந்து அலுவலகம் கிளம்பினேன். தூறல், இருட்டு. ஸ்டேஷனுக்கு ஒன்பது நிமிடம், ரயில் அங்கிருந்துதான் புறப்படுகிறது என்பதால் உட்கார இடம், கேனரி வார்ஃப் பன்னிரண்டு நிமிடத்துக்குள். ரெடிங் வாடகையைவிட மாதம் 250 அதிகம். மதியமே ஏஜென்டைக் கூப்பிட்டுச் சரி என்று சொல்லிவிட்டேன்.