குண்டுக்கரிச்சானைத் தைல வண்ணத்தில் தீட்டுதல்: தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

தைல வண்ணத்தில் முதன்முதலாக ஒரு பறவையைத் தீட்ட விரும்புவோர் பெரும்பாலும் மீன்கொத்தியையோ மயிலையோ தேடிச் செல்கிறார்கள். அவற்றைவிட, நிறங்கள் குறைந்த ஆண் குண்டுக்கரிச்சானே தொடக்கத்துக்கு ஏற்றது என்பது என் கருத்து. கருநீலப் பளபளப்புக் கொண்ட தலையும் மார்பும் முதுகும், வெண்ணிற வயிறு, இறக்கையில் நீளவாக்கில் ஓடும் வெள்ளைப் பட்டை, அடிக்கடி மேலே தூக்கி நிறுத்தும் நீண்ட வால் ஆகியவையே அதன் அடையாளங்கள். ஆனால் கறுப்பை வெறும் கறுப்பாலும் வெள்ளையை வெறும் வெள்ளையாலும் நிரப்பினால், பறவை அட்டையில் வெட்டி ஒட்டியதுபோலத் தட்டையாகத் தெரியும். ஆகவே இந்த விளக்கத்தின் பெரும்பகுதி அவ்விரு நிறங்களைப் பற்றியதே.

தேவையான பொருள்கள்

ஜெஸ்ஸோ என்னும் வெள்ளை முன்பூச்சு பூசப்பட்ட 30 × 40 செ.மீ. கான்வாஸ் ஒன்று போதும். பறவை ஏறத்தாழ 20 செ.மீ. நீளமே உள்ளதால், அதன் இயல்பான அளவிலேயே வரைந்துவிடலாம். வண்ணங்களில் டைட்டானியம் வெள்ளை, அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு), யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்) ஆகிய நான்கை மட்டும் வாங்குங்கள். இவற்றுடன் தட்டையான தூரிகைகள் இரண்டு, கூர்முனைத் தூரிகை ஒன்று, வண்ணம் குழைக்கும் கத்தி, வண்ணத்தைக் கரைக்கும் டர்பென்டைன், ஆளிவிதை எண்ணெய், பழைய பருத்தித் துணி ஆகியவை வேண்டும். டர்பென்டைன் ஆவி உடலுக்குக் கெடுதல் என்பதால் காற்றோட்டமுள்ள இடத்தில் அமர்ந்து வேலை செய்யுங்கள்.

பார்த்தலும் வரைதலும்

பிறர் எடுத்த நிழற்படத்தைப் பார்த்து அப்படியே தீட்டினால் அது உங்கள் சொந்தப் படைப்பாகாது. இந்தியாவில் இப்பறவையின் இனப்பெருக்கக் காலம் பெரும்பாலும் மார்ச் முதல் ஜூலை வரை. அப்போது ஆண் பறவை உயரமான கிளையில் அமர்ந்து நெடுநேரம் பாடுவதால், தொலைவிலிருந்தே பென்சிலால் பல கோட்டோவியங்களை வரைந்துகொள்ளலாம். கூடு இருக்கும் மரப்பொந்தை நெருங்க வேண்டாம். உடலை ஒரு முட்டை வடிவமாகவும் தலையைச் சிறு வட்டமாகவும் கொண்டு, வால் எந்தக் கோணத்தில் எழுகிறது என்பதை முதலில் குறித்துவிடுங்கள். சிறகுகளை எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

அடிப்பூச்சு

கோட்டோவியத்தைக் கான்வாஸில் மெலிதாக வரைந்தபின், டர்பென்டைனில் கரைத்த பர்ன்ட் அம்பரைக் கொண்டு ஒளி, நிழல் பகுதிகளை மட்டும் பிரித்துக் காட்டுங்கள். அம்பரில் மாங்கனீசு இருப்பதால் அது விரைவாக உலரும். முதல் பூச்சில் எண்ணெய் குறைவாகவும் அடுத்தடுத்த பூச்சுகளில் சற்றுக் கூடுதலாகவும் இருக்க வேண்டும். இது தலைகீழானால் மேற்பூச்சு முன்னதாக உலர்ந்து, பின்னாளில் வெடிப்பு விடும்.

கறுப்பு

அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் அம்பரையும் கத்தியால் குழைத்தால், கடையில் வாங்கும் கறுப்பைவிட ஆழமான கருமை கிடைக்கும். இதை மூன்று குவியல்களாகப் பிரியுங்கள். முதலாவதை அப்படியே வைத்து, இரண்டாவதில் நீலத்தைக் கூட்டுங்கள். மூன்றாவதில் நீலத்துடன் சிறிது வெள்ளையும் சேருங்கள். வானத்தின் ஒளி மேலிருந்து விழுவதால் உச்சந்தலையிலும் முதுகின் மேல்விளிம்பிலும் மூன்றாவது குவியலும், கன்னத்திலும் மார்பிலும் இரண்டாவதும், இறக்கைக்கு அடியிலும் கழுத்து மடிப்பிலும் முதலாவதும் வர வேண்டும். சிறகுகள் வளரும் திசையிலேயே தூரிகை செல்லட்டும். பளபளப்பைக் காட்டும் ஆசையில் மூன்றாவது குவியலை எங்கும் பூசினால் பறவை சாம்பல் நிறமாகி, பெண் குண்டுக்கரிச்சானைப் போலத் தெரியத் தொடங்கும்.

வெள்ளை

வயிறு தரையை நோக்கியிருப்பதால் அது பெரும்பாலும் நிழலில்தான் இருக்கும். வெள்ளையுடன் யெல்லோ ஓக்கரின் சிறு துளியையும் மேற்சொன்ன கருங்கலவையின் இன்னும் சிறிய துளியையும் சேர்த்துக் கிடைக்கும் மங்கிய நிறத்தால் அதைத் தீட்டுங்கள். கலப்பில்லாத வெள்ளையை இறக்கைப் பட்டையில் ஒளி நேரடியாக விழும் இடத்துக்கு மட்டும் ஒதுக்கி வையுங்கள். கண்களைப் பாதி மூடிப் பார்க்கும்போது வயிற்றைவிட அப்பட்டை முதலில் கண்ணில் பட்டால் உங்கள் கணக்கு சரி. வாலின் நடு இறகுகள் கறுப்பாகவும் வெளி இறகுகள் வெள்ளையாகவும் இருப்பதை மறக்க வேண்டாம்.

பின்னணியும் கண்ணும்

யெல்லோ ஓக்கரும் அல்ட்ராமரைனும் சேர்ந்தால் அடங்கிய பச்சை வரும். பின்னணிக்கு அதுவே போதும். பறவையின் வண்ணம் ஈரமாக இருக்கும்போதே பின்னணியைத் தீட்டி, வயிற்றின் விளிம்பை உலர்ந்த தூரிகையால் மெல்ல வருடி மென்மையாக்குங்கள். அலகின் விளிம்பை மட்டும் கூர்மையாக விடுங்கள். கண்ணில் ஒளிப்புள்ளியை நடுவில் வைக்காமல் ஒளி வரும் பக்கத்தில், நீலம் கலந்த வெள்ளையால், ஒரே தொடுகையில் வையுங்கள்.

உலர்த்துதல்

தைல வண்ணம் நீர் வண்ணத்தைப் போல ஆவியாகி உலர்வதன்று. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து இறுகுகிறது. அவ்வினையில் வெப்பம் வெளிப்படுவதால், ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குவித்து வைத்தால் அவை தாமாகவே தீப்பற்றக்கூடும். அவற்றை நீர் ஊற்றிய உலோக டப்பாவில் இட்டு மூடி வையுங்கள். தொட்டால் ஒட்டாத நிலையை ஓவியம் சில நாட்களிலேயே எட்டினாலும், வார்னிஷ் பூசுவதற்கு ஆறு மாதங்களாவது காத்திருங்கள்.