மந்தமாக ஓடிய வானொலி நாடகம்: வேகத்தைச் சரிசெய்த விதம்

சி.பி.எஸ். வானொலியில் 1942 முதல் 1962 வரை வந்த 'சஸ்பென்ஸ்' தொடரின் ஒரு நாடகம், பழைய டேப் நகல். குரல்கள் கனத்து இழுத்தன. அரை மணி நாடகம் 31 நிமிடம் ஓடியது. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் டெம்போவை (குரலின் சுருதியைத் தொடாமல் ஓட்டத்தை மட்டும் மாற்றும் வசதி) கூட்டினேன்; நேரம் குறைந்தது, குரல் மாறவில்லை. காதால் கேட்டுச் சரிசெய்தும் திருப்தியில்லை.

ஒலியில் எந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் வரைபடத்தைப் பார்த்ததும்தான் பிடிபட்டது. அமெரிக்க மின்சாரம் ஒலிப்பதிவில் கலக்கும் முனகல் 60 ஹெர்ட்ஸில் சரியாகவே நின்றது. ஆனால் பக்கத்திலேயே 57-ல் இன்னொரு சின்ன முகடு! 60, பிற்பாடு கணினிக்கு ஏற்றியபோது சேர்ந்தது. 57-தான் அசல் ஒலிப்பதிவோடு வந்தது; 60-ஆக இருந்த முனகல், டேப் மந்தமாக ஓடியதால் 57-க்கு இறங்கியிருக்கிறது. 57 மீண்டும் 60 ஆக, வேகமும் குரலும் சேர்ந்து மாறும்படி 5.26 சதவீதம் கூட்டினேன். இருபத்தொன்பதரை நிமிடத்தில் கச்சிதமாக முடிந்தது. அப்பாடா!

இரைச்சல் நீக்கும் வேலையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே செய்தால் இந்தத் தடயமே அழிந்துவிடும்.