பூச்சிக் கருவில் செல்கள் உருவாவதைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தப் பாடத்தைத் தமிழில் எழுதும்போது முதல் தடுக்கலே ஒரு சொல்லில்தான். வளரும் உயிர் கரு. செல்லுக்குள் டி.என்.ஏ. இருக்கும் இடம் உட்கரு. முட்டையில் சேர்த்து வைத்த உணவு மஞ்சள்கரு. மூன்றையும் சுருக்கி ‘கரு’ என்றே எழுதினால், "கரு பிரிந்து ஓரத்துக்குப் போகிறது" என்ற வரியில் எது போகிறது என்று எழுதியவருக்கே தெரியாது. பூச்சி விஷயத்தில் இந்தக் குழப்பம் ஆபத்தானது. அங்கே தொடக்கத்தில் பிரிவது உட்கரு மட்டும்தான்.

அடுத்த தவறு, தவளை முட்டையின் படத்தை மனதில் வைத்துக்கொள்வது. அங்கே முட்டை இரண்டாகும், நான்காகும், எட்டாகும். கோடு விழுவதைப் பார்க்கலாம். அதிகம் ஆராயப்பட்ட பழ ஈயின் முட்டையோ அரை மில்லிமீட்டர் நீளம். அதன் நடுவே உட்கரு மட்டும் பிரிந்துகொண்டே போகும், இடையில் சவ்வாலான சுவர் எழும்பாது. முதல் பிரிவுகள் ஒவ்வொன்றும் 8 அல்லது 9 நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு பெரும்பாலான உட்கருக்கள் மேற்பரப்புக்கு நகரும். ஒரே சவ்வுக்குள் ஆயிரக்கணக்கில் உட்கரு இருக்கும் இந்த நிலைக்குப் பெயர் சின்சிடியம்.

பல உட்கரு என்றதும் தசை இழை நினைவுக்கு வரும். ஆனால் தசை இழை, தனித்தனி செல்கள் ஒன்றோடொன்று இணைந்து உண்டானது. இங்கே செல்கள் இன்னும் உண்டாகவே இல்லை. அதற்காக எல்லாம் கலந்த கூழ் என்றும் நினைக்க வேண்டாம். ஒவ்வொரு உட்கருவும் தன்னைச் சுற்றித் தனக்கென எண்டோபிளாச வலை, கோல்கை என்ற செல் உள்ளுறுப்புகளை வைத்திருக்கிறது. சுவர்தான் இல்லை, எல்லை உண்டு.

கணக்கிலும் சறுக்குவார்கள். 13 முறை பிரிந்தால் 8,192 உட்கரு. ஆகவே 8,192 செல் என்று எழுதிவிடுவார்கள். மேற்பரப்பில் உண்டாகும் செல்கள் சுமார் 6,000தான். சில உட்கருக்கள் உள்ளே மஞ்சள்கருவிலேயே தங்கி, பிரிவதை முன்னதாக நிறுத்திவிடுகின்றன. சில பின்முனைக்குப் போய்த் தனி வழியில் பிரிகின்றன. இன்னொன்று: ஒரு பிரிவு முடிந்து அடுத்த பிரிவு முடியும்வரை ஒரு சுழற்சி; 13 பிரிவுகள் முடிந்தபின் வருவது 14ஆம் சுழற்சி. செல்கள் உண்டாவது அந்தச் சுழற்சியில்.

எல்லாச் செல்லும் ஒரே நேரத்தில் உண்டாகின்றன என்பதும் சரியில்லை. பின்முனைக்குப் போன அந்த உட்கருக்களைச் சுற்றித் துருவ செல்கள் முன்பே மொட்டுவிட்டுப் பிரிந்துவிடும். இனப்பெருக்க செல்களின் மூதாதை இவைதான். உடலைக் கட்டப்போகும் செல்கள் தோன்றும் முன்னரே அடுத்த தலைமுறைக்கான செல்கள் ஒதுக்கப்பட்டுவிடுகின்றன. எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடம் இது.

பெரும்பாலோர் தவறவிடுவது 14ஆம் சுழற்சியில். "சைட்டோபிளாசம் பிரிகிறது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். சாதாரண செல் பிரிவில், இப்போதுதான் பிரிந்த இரு உட்கருக்களின் நடுவே பள்ளம் விழும். இங்கே அப்படியில்லை. உட்கரு பிரிவது நின்று, இடைநிலையில் இருக்கும்போது, மேலிருந்து சவ்வு இறங்குகிறது. உடன்பிறந்தவையோ இல்லையோ, பக்கத்துப் பக்கத்து உட்கருக்கள் எல்லாவற்றுக்கும் நடுவே, அறுகோண வலைபோல், ஒரே சமயத்தில். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் 30 மைக்ரோமீட்டருக்கும் மேல் இறங்கிவிடும்.

பழைய சவ்வு ரப்பர்போல் நீண்டு இதைச் செய்கிறது என்று நினைத்தால் கணக்கு உதைக்கும். பரப்பளவு 20 மடங்குக்கு மேல் பெருக வேண்டும். எந்தச் சவ்வும் அவ்வளவு நீளாது. மேற்பரப்பில் மடிந்து கிடக்கும் நுண்விரல்கள் விரிந்து கொஞ்சம் தருகின்றன. மீதி உள்ளே கோல்கையில் தயாராகி, நுண்குழல்கள் வழியே வந்து சேர்கிறது. ஆக்டின், மயோசின் என்ற சுருங்கவைக்கும் புரதங்கள் இறங்கும் முனையில் நின்று, கடைசியில் வளையமாகச் சுருங்கி அடிப்பக்கத்தைக் குறுக்குகின்றன. அப்போதும் அடி முழுதாக மூடிவிடுவதில்லை. கீழே மஞ்சள்கருவோடு சிறிது நேரம் ஒரு குறுகிய காம்பு நீடிக்கும்.

சுவர் தாமதமாக வருவதைப் ‘பழமையான குறை’ என்று சொல்வதும் தவிர்க்க வேண்டியது. பைகாய்ட் என்ற புரதம் முன்முனையில் அதிகமாகவும் பின்னே போகப் போகக் குறைவாகவும் பரவி, எந்தப் பக்கம் தலை என்று உட்கருக்களுக்குத் தெரிவிக்கிறது. நடுவே சுவர் இருந்தால் அது இப்படிப் பரவ முடியாது.

இதுவரை சொன்னது பெரிதும் பழ ஈயின் கதை. அதை எல்லாப் பூச்சிக்கும் நீட்டிவிடக் கூடாது. கோபிடோசோமா என்ற ஒட்டுண்ணிக் குளவியின் மிகச்சிறிய முட்டை, அந்துப்பூச்சியின் முட்டையில் இடப்பட்டு, அதிலிருந்து வரும் புழுவின் உடலுக்குள் வளர்கிறது. உணவை அங்கிருந்தே எடுத்துக்கொள்வதால் மஞ்சள்கரு அதற்குத் தேவையில்லை. அது தொடக்கத்திலேயே முழு செல்களாகப் பிரிகிறது. அந்த ஒரே முட்டையிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட கருக்கள் வரும்.